பாதச் சனியிலிருந்து ரத்தக்கட்டி வரை

பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் எங்கள் கடையில் கற்பூராதித் தைலம் தீர்ந்துவிடும். திருவண்ணாமலைத் தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிற நாட்டு மருந்துக் கடை. தாத்தா வைத்தது, அப்பா நடத்தியது, இப்போது என் தலையில். ராத்திரி முழுக்க 14 கிலோமீட்டர் மலை சுற்றியவர்கள் நொண்டிக்கொண்டே வந்து பலகையில் உட்காருவார்கள். கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, காலு கழண்டுபோச்சு, எதனா குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வலி உயிர் போகும். ஆனால் முகத்தில் கவலை இருக்காது. எதனால் வலிக்கிறது என்று தெரியும், ரெண்டு நாளில் போய்விடும் என்றும் தெரியும். ஊருக்குப் போய் வலியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் போகிறார்கள்.

மற்ற நாட்களில் வருகிறவர்கள் வேறு ரகம். கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். பெருங்காயம் வாங்குவார்கள், கடுக்காய் விலை கேட்பார்கள். கடைசியில்தான் விஷயம் வரும். "எங்கயும் நடக்கலைங்க, அடியும் படல. ஒரு மாசமா இந்தக் கால் மட்டும் வலிக்குது." அப்போது குரல் தானாக இறங்கிவிடும். எந்தத் தைலம் நல்லது என்று கேட்கத்தான் வந்ததாகச் சொல்வார்கள். உண்மையில் கேட்க வந்தது, இது ஏதாவது பெரிய வியாதியாக இருக்குமோ என்று.

கல்லாவுக்குப் பின்னால் நின்று இந்தக் கேள்வியை நான் கேட்கிறேன், அப்பா கேட்டிருக்கிறார், தாத்தாவும் கேட்டிருப்பார். காலும் அதேதான், வலியும் அதேதான். அந்தப் பெரிய வியாதி எது என்பது மட்டும் ஒவ்வொரு காலத்துக்கும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது பிறர் கால்களை நம்பிப் பிழைக்கிற ஊர். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களை வரிசையாகத் தொட்டுப் போகிற பாதைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதற்கொரு புராணமும் உண்டு. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் கதை வரும். வேட்டைக்கு வந்த பாண்டியன் ஒரு புனுகுப் பூனையைக் குதிரையில் துரத்தினான். பூனை மலையைச் சுற்றி ஓட, குதிரையும் பின்னாலேயே ஓட, சுற்று முடிந்ததும் இரண்டும் விழுந்து செத்தன. செத்த இடத்திலிருந்து இரண்டு வித்தியாதரர்கள் எழுந்தார்கள். துர்வாசரின் நந்தவனத்துக்குள் புகுந்து ஒருவன் கால் போன போக்கில் மிதித்தானாம், இன்னொருவன் பூ வாசத்துக்கு ஆசைப்பட்டானாம். மிதித்தவனுக்குக் குதிரைப் பிறவி, மோந்தவனுக்குப் பூனைப் பிறவி. மலையை வலம் வந்ததில் இருவர் சாபமும் தீர்ந்தது. பாண்டியனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்டதற்கு, நாங்கள் எங்கள் காலால் ஓடினோம், நீ சவாரி அல்லவா வந்தாய் என்றார்கள். பிறகுதான் அவன் செருப்பில்லாமல் நடந்து சுற்றினான். இன்றைக்கும் ஆட்டோவில் கிரிவலம் போகிறவர்களைப் பார்த்தால் எங்கள் தெருக் கிழவர் ஒருவர், "பாண்டியன் போறாரு பாரு" என்பார்.

இப்படி ஒரு கதையை நூற்றாண்டுக் கணக்கில் கேட்டு வளர்ந்த ஊரில் என்ன ஆகும்? நடந்து வந்த வலி வரவு. நடக்காமல் வந்த வலி எங்கேயோ பட்ட கடன். அதனால்தான் காரணம் தெரியாத கால் வலிக்கு ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவலியை யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லையே.

ஆயா என்று நாங்கள் கூப்பிட்ட பாட்டியின் காலத்தில் அந்தக் கடனுக்குச் சனி என்று பெயர். ஏழரைச் சனியில் முதல் இரண்டரை வருஷம் விரயச் சனி, அடுத்தது ஜென்மச் சனி, கடைசி இரண்டரை பாதச் சனி. சனி பகவானே கால் ஊனமானவர் என்பது கதை. ராசி ராசியாக அவர் நகர்கிற வேகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும், ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 30 வருஷம் எடுத்துக்கொள்கிறார். அவர் பாதத்துக்கு வரும்போது காலில் ஏதாவது செய்வார் என்று ஜோசியர் சொல்லிவிட்டால், அதுவரை கவனிக்காத ஒவ்வொரு சுருக்கும் கணக்குக்கு வந்துவிடும். ஆயாவுக்குப் பாதச் சனி நடந்தபோது இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி முகம் பார்த்துத் தானம் கொடுத்தார். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு ஜோடிக் காலையும் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். அந்தத் தகட்டுக் கால் விரல் நீளம்கூட இருக்காது. அதில் ஐந்து விரலையும் கோடு கிழித்துக் காட்டியிருப்பார்கள். சனியிடம் ஒரு வசதி இருந்தது. எத்தனை பயமுறுத்தினாலும் கிளம்புகிற தேதி பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கும். இன்றைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு தேதி கிடையாது.

அப்பா ஜோசியம் பார்க்க மாட்டார். அவருக்கு எல்லாம் வாதம். யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய் 80 என்கிறது, அத்தனையும் தலைகீழ்ப் பாடம் அவருக்கு. கால் வலி என்று வந்தவரை முதலில் நடக்கச் சொல்வார். பிறகு உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவார். எங்கே முகம் சுளிக்கிறதோ அங்கே நிறுத்துவார். "வாயு இறங்கி நிக்குது" என்பார். முடக்கத்தான் ரசம், வாதநாராயணன் கீரை, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம், ராத்திரி தைலம். அப்பா சொன்னதெல்லாம் மருத்துவப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரையும் அவர் "உனக்கு ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பியதில்லை. வலிக்கு ஒரு பெயர், ஒரு இலை, ஒரு பத்தியம். வருகிறவர் அந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு பாதிக் கவலையைக் கடையில் விட்டுவிட்டுப் போவார். அமிர்தாஞ்சனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1893-இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆரம்பித்தது, 1914-இல் மெட்ராசுக்கு வந்தது. தலைவலித் தைலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் ஊரில் பாதிக்கு மேல் முழங்காலுக்குப் போகிறது.

கால் என்றால் இந்த ஊரில் ரமணரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து கிளம்பிய பதினாறு வயசுப் பையன், கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் ரயிலில் வர முடிந்தது. அங்கிருந்து அரகண்டநல்லூர் வரை நடை. கடுக்கனை அடகு வைத்து மறுபடி ரயில் ஏறி, செப்டம்பர் 1-ஆம் தேதி காலை இங்கே இறங்கினார். கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தவரைப் பையன்கள் கல்லால் அடித்தார்கள் என்று பாதாள லிங்கத்துக்குள் இறங்கிவிட்டார். வெளிச்சம் புகாத இடம். எறும்பும் பூச்சியும் தொடையின் அடிப்பக்கத்தைத் தின்றன. புண்ணிலிருந்து ரத்தமும் சீழும் வடிந்தும் அவர் அசையவில்லை. வேங்கடாசல முதலியார் என்பவர் ஆட்களோடு போய்த் தூக்கிக்கொண்டு வந்து சுப்பிரமணியர் சன்னதியில் வைத்தார். அப்போதும் ரமணருக்கு எதுவும் தெரியாது என்கிறார்கள். அந்தத் தழும்புகள் கடைசிவரை தொடையில் இருந்தன. பிற்காலத்தில் ஒருமுறை மலையில் நடக்கும்போது ஒரு புதரில் கால் பட்டு, உள்ளே இருந்த குளவிக்கூடு கலைந்தது. குளவிகள் பட்ட காலையே குறிபார்த்துக் கொட்டின. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று அவை கொட்டி முடிக்கிறவரை காலை நகர்த்தாமல் நின்றார்.

அவரைப் போல இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நம்மால் ஆகிற காரியமும் அல்ல. நான் கவனிப்பது பக்கத்தில் இருந்தவர்களை. 1926 வரை கிரிவலம் போன ரமணரின் கால்கள் பிறகு வாதத்தில் மாட்டிக்கொண்டன. முழங்கால் வீங்கியது, கையில் கோல் வந்தது. உடனே பக்தர்கள் ஆளுக்கொரு தைலம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எங்கள் தாத்தாவும் ஒரு புட்டி கொண்டுபோய்க் கொடுத்ததாகக் குடும்பத்தில் சொல்வார்கள். அப்படிச் சொல்லாத மருந்துக் கடைக் குடும்பம் இந்த ஊரில் ஒன்றும் இல்லை. பிறகு இடது கையில் ஒரு சின்னக் கட்டி. 1949 பிப்ரவரியில் வெட்டினார்கள், திரும்ப வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் நாலு அறுவை. நடுவில் பச்சிலை, ஆயுர்வேதம், ஹோமியோபதி. 1950 ஏப்ரல் 14 இரவு முடிந்தது. யார் எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும் அவர் தடுக்கவில்லை. வலித்தவர் கவலைப்படவில்லை, பார்த்தவர்களுக்குத்தான் தூக்கம் இல்லை. என் கடையிலும் மருந்து வாங்க வருகிறவர்களில் நோயாளியைவிட நோயாளியின் மகளுக்கும் மனைவிக்கும்தான் அதிகம் பயந்த முகம்.

சனியும் வாயுவும் இருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணால் பார்க்கக்கூடிய வியாதிகள் பிடித்துக்கொண்டன. முதலில் யானைக்கால். அந்தக் காலத்தில் திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டம். 1989 செப்டம்பர் 30-இல்தான் தனி மாவட்டம் ஆனது. தமிழ்நாட்டில் யானைக்கால் பரவியிருந்த பகுதிகளில் இந்தப் பக்கமும் சேர்த்தி. கோயில் வாசலில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அவர்களைப் பார்த்துவிட்டுப் போகிற எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் கணுக்காலைப் பார்ப்பார்கள். ஆயா கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தார், திருஷ்டிக்கு என்றுதான் சொல்வார். ஆனால் அமாவாசை, பௌர்ணமி வந்தால் அந்தக் கயிற்றுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். அந்த நாட்களில் யானைக்கால் காய்ச்சல் ஏறும் என்பது அன்றைய நம்பிக்கை. விரல் சுலபமாக நுழைந்துவிட்டால் அடுத்த அமாவாசை வரை நிம்மதி. ஊர் முழுக்கப் பௌர்ணமிக்கு நடந்துகொண்டிருக்க, ஆயா பௌர்ணமிக்குக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், இந்த நோயின் புழு கொசுவின் உடம்பில் வளர்வதைக் கண்டுபிடித்தார். குட்டிப் புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒளிந்திருந்து ராத்திரிதான் மேல் ரத்தத்துக்கு வரும் என்பதும் அவர் கண்டதுதான். அதனால் சுகாதாரத் துறைக்காரர்கள் ராத்திரியில்தான் விரலில் குத்தி ரத்தம் எடுக்க வருவார்கள். தூங்குகிறவனை எழுப்பிக் குத்தினால் யாருக்குத்தான் பயம் வராது? "நம்ம வீட்டுக்கு ஏன் வந்தாங்க?" என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். 2004-இலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் வீடு வீடாக மாத்திரை கொடுத்ததில் நோய் அடங்கிவிட்டது. இன்று இளவயதில் அந்தக் காலோடு யாரையும் நான் பார்ப்பதில்லை. பயமும் அடங்கிவிட்டது. என் மகனுக்கு யானைக்கால் என்றால் பாடப் புத்தகத்துப் படம்.

அதைவிடப் பெரிய பயம் தொழுநோய். அருணகிரிநாதர் பெருநோய் வந்து வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தார் என்று சொல்கிற ஊர் இது. அந்த நோயின் பெயரை வீட்டுக்குள் உச்சரிக்கவே மாட்டார்கள். இதில் பயம் தலைகீழாகிவிட்டது. வலித்தால் பயமில்லை, வலிக்காவிட்டால்தான் பயம். கணக்கெடுக்க வருகிற ஊழியர் தேமல் இருக்கிற இடத்தைப் பேனா முனையால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொட்டேன் என்று காட்டச் சொல்வார். அவர் போன பிறகு வீட்டில் எல்லோரும் தங்கள் காலைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி கால் மரத்துப்போனால் விடிகிறவரை தூக்கம் போச்சு.

இந்தப் பயம் எவரையும் விடவில்லை. அதே வட ஆர்க்காட்டில், வேலூர் சி.எம்.சி.யில் 1946-இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், தமிழ் பேசத் தெரிந்த வெள்ளைக்காரர். தொழுநோயில் விரலும் பாதமும் கரைவது நோய் நேராகத் தின்பதால் அல்ல, வலி தெரியாத காலால் முள்ளிலும் நெருப்பிலும் மிதித்து மிதித்துப் புண் ஆவதால்தான் என்பதை எடுத்துக் காட்டியவர். முடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்றி வைத்து விரலை நிமிர்த்தியவர். 1950களில் அவர் அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, உடம்பு சரியில்லாமல் ரயிலில் நெடுநேரம் ஒரே இருப்பாக உட்கார்ந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். ராத்திரி காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார், வலிக்கவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொட்டுப் பார்த்த டாக்டர் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இனிக் குடும்பத்தை விட்டு ஒதுங்க வேண்டும், அறுவை சிகிச்சை செய்த இந்தக் கையும் போகும் என்று என்னென்னவோ கணக்குப் போட்டார். விடிந்ததும் மறுபடி ஊசியை அழுத்தமாகக் குத்தினார். இந்தத் தடவை வலி தாங்காமல் கத்திவிட்டார். ரயிலில் கால் மடங்கி நரம்பு மரத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலியைப் போல ஒரு சந்தோஷம் தனக்கு வந்ததில்லை என்று பிறகு எழுதினார். உலகத்தில் அந்த நோயைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களில் ஒருவருக்கே இந்த கதி என்றால், கடுக்காய் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து நான் எப்படிச் சிரிப்பது?

தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றும் முயற்சிகளில் பிறந்த ஒரு பொருள் இப்போதும் எங்கள் ஊர்க் கடைகளில் இருக்கிறது. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பாற்ற, மிருதுவான நுண்துளை ரப்பரில் அடி வைத்த செருப்பை அங்கே செய்தார்கள். அதுதான் எம்.சி.ஆர். செருப்பு. கறுப்பு அடி, அகலமான வார், பின்னால் ஒரு பிடிவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தச் செருப்பைத் தெருவில் பார்த்தாலே ஜனங்கள் ஒதுங்குவார்கள். இலவசமாகக் கொடுத்தும் நோயாளிகளே போட்டுக்கொள்ளக் கூசினார்கள், செருப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று. இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் டாக்டர்களே எழுதிக்கொடுக்கிறார்கள். வாக்கிங் போகிற ரிட்டையர்டு ஆபீசர்கள் நாலு வண்ணத்தில் கேட்டு வாங்குகிறார்கள். அதன் பூர்வீகம் அவர்களுக்குத் தெரியாது. சொல்லவும் நான் போவதில்லை.

சர்க்கரை என்றதும் ஒன்று. பிராண்ட் பார்த்த அதே உணர்வற்ற பாதம் இப்போது சர்க்கரை வியாதியில் வருகிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் வெறுங்காலோடு தார் ரோட்டில் கிரிவலம் போய்விட்டுக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு. சுட்டதே தெரியவில்லை என்பார்கள். அவர்களுக்கு வலியும் இல்லை, பயமும் இல்லை. எனக்குத்தான் பயமாக இருக்கும்.

போலியோவைப் பற்றி எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளை விடிந்து எழுந்தபோது கால் தொங்கிவிட்டது என்ற கதை தெருவுக்கு ஒன்று இருந்தது. பிள்ளைக்குக் கால் வலி என்றால் அம்மாக்களுக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது. காய்ச்சலோடு ஊசி போட்டதால்தான் கால் போனது என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். படித்தவர்கள் அதை மூடநம்பிக்கை என்றார்கள். ஆனால் 1950 வாக்கிலேயே ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் டாக்டர்கள் இதைக் கவனித்திருந்தார்கள். போலியோக் கிருமி உடம்பில் இருக்கும் சமயத்தில் தசையில் ஊசி போட்டால் அந்தக் காலே விளங்காமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். 2011 ஜனவரியில் மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரு குழந்தை, அதோடு இந்தியாவில் போலியோ முடிந்தது. அந்தப் பயத்தையும் என் மருமகளுக்கு விளக்கிச் சொன்னால்தான் புரிகிறது.

கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். சின்னக் கல் மண்டபம். பின்பக்கம் நுழைந்து, ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று வாசல்களின் வழியாக முன்பக்கம் வர வேண்டும். இடைக்காட்டுச் சித்தர் வைத்தது என்பார்கள். நிமிர்ந்து போக முடியாது. ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை முன்னால் நீட்டி, மூச்சை விட்டு வயிற்றை ஒட்டிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, காலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ள வேண்டும். இடுப்பு வலி, கால் வலி, நரம்புக் கோளாறு எல்லாம் போகும் என்பது நம்பிக்கை. என்னைவிடப் பருத்தவர்களெல்லாம் வெளியே வந்துவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டவரை வரிசையில் நிற்கிறவர்கள், "மூச்சை விடுங்க, பயப்படாதீங்க, வந்துடும்" என்று பேசிப் பேசியே வெளியே எடுப்பார்கள். முழங்கை சிராய்த்து, வேட்டியெல்லாம் புழுதியோடு எழுந்து நிற்கும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு இருக்கும். அது எப்படிக் கால் வலியைத் தீர்க்கும் என்று என்னைக் கேட்டால் பதில் கிடையாது. ஆனால் கவலைப்படுகிற ஒருவரைச் சுற்றி இருபது பேர் நின்று வழி சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

இப்போதைய பயத்துக்குப் பெயர் ரத்தக்கட்டி. கொரோனா வருவதற்கு முன்னால் அந்தச் சொல்லை என் கடையில் யாரும் சொன்னதில்லை. 2021-இல் செய்தியில் வந்தது. 2024-இல், ஆஸ்ட்ரஜெனகா நிறுவனம் தங்கள் தடுப்பூசி மிக அபூர்வமாக ரத்தம் உறையச் செய்யலாம் என்று லண்டன் வழக்கில் ஒப்புக்கொண்டது செய்தியானபோது, எங்கள் சந்து வரைக்கும் அதிர்ச்சி வந்தது. கோவிஷீல்டு அதே மருந்துதானே. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அன்று ஆடுசதையைத் தடவிக்கொண்டு வந்தார்கள். அந்த அபூர்வக் கோளாறு வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்திருக்க வேண்டும். அதைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்கள், கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவர்களை எனக்கு நன்றாகப் புரிந்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் எனக்கே இடது கெண்டைக்காலில் ஒரு குடைச்சல் ஆரம்பித்திருந்தது. பகலில் கடையில் நிற்கும்போது தெரியாது, ராத்திரி படுத்தால் வரும். தைலம் விற்கிறவன் யாரிடம் போய்ச் சொல்வது? போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு படிப்பேன். நரம்பு, தண்டுவடம், புற்றுநோய், கட்டி என்று போன் ஒவ்வொன்றாகக் காட்டும். ஆயா கயிற்றுக்குள் விரல் விட்டது போல நான் இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் அளந்து பார்த்தேன். அரை அங்குலம் வித்தியாசம். உடம்பு யாருக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்று தெரிந்தும் அந்த அரை அங்குலம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சம் அல்ல. கடைசியில் வீட்டுக்காரி டேப்பைக் கண்டுபிடித்துக் கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் என் காலுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் புஸ் புஸ் என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றார்கள். அந்த நிம்மதி சாயங்காலம் வரை தாங்கியது. ஒன்றுமில்லை என்றால் ஏன் வலிக்கிறது?

பிறகு ஒரு பெரிய டாக்டர் பொறுமையாக ஒரு விஷயம் சொன்னார். ராத்திரி படுத்தால் கால் குடைகிறது, ஆட்டினால் தேவலை என்கிறவர்களை ரொம்ப காலம் நரம்புத் தளர்ச்சி, மனப்பிரமை என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். 1945-இல் கார்ல்-ஆக்செல் எக்போம் என்ற ஸ்வீடன் டாக்டர் அதை ஒரு தனி நோயாக விவரித்து எழுதினார். உடம்பில் இரும்புச் சத்து குறைவதற்கும் அதற்கும் தொடர்பு இருப்பது பிறகு தெரியவந்தது. அதற்கு முன்னால் அதே குடைச்சலோடு வந்தவர்களுக்கெல்லாம் சனி என்றோ வாயு என்றோ பிரமை என்றோ சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். மூன்றில் அதிகம் புண்படுத்துவது கடைசிதான் என்பது என் கட்சி. எனக்கு ரத்தத்தில் இரும்பு சரியாகவே இருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வியாபாரம் செய்கிறவன் கால் வலிக்காமல் என்ன செய்யும், ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள் என்றார். வாங்கிப் போட்டேன். குடைச்சல் சில ராத்திரி வருகிறது, சில ராத்திரி வருவதில்லை. டேப்பை வீட்டுக்காரி எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள்.

அந்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டுவந்த இன்னொன்றைக் கடையில் கடைப்பிடிக்கிறேன். ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, தொட்டால் சூடாகவும் சிவந்தும் இருந்தால், அதோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, நான் தைலம் எடுப்பதில்லை. ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிடுவேன். அந்தக் காலை நீவிவிடவும் கூடாது, சுளுக்கு வழிக்கவும் கூடாது. கால் மரத்துப்போய் ஒன்றுக்குப் போவதும் தெரியாமல் இருந்தால், அதுவும் அப்படித்தான். இவை ஆயிரத்தில் ஒன்றாக வரும். மற்றவர்களை உட்காரவைத்து, அப்பா செய்த மாதிரியே முதலில் நடக்கச் சொல்கிறேன், அழுத்திப் பார்க்கிறேன், ராத்திரி எத்தனை மணிக்கு வலிக்கிறது, போன் பார்ப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள். போன மாசம் ஒரு பெங்களூர்ப் பையன், "அங்கிள், தைலம் இருந்தா குடுங்க, இல்லன்னா எதிர்க்கடைல வாங்கிக்கிறேன்" என்று எழுந்துவிட்டான். கற்பூராதி 100 மில்லி கொடுத்தேன். பௌர்ணமிக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்ததால் சரக்கு இருந்தது.